கிலோ கணக்கில் எஃகு

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை என்றால் சந்தை. செங்கல்பட்டு மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், பழைய டிரங்க் சாலை நெடுகக் காலையிலேயே கடை விரித்துவிடுவார்கள். மாட்டுச் சந்தையாகத் தொடங்கிய இடம் இது. இப்போது பூச்செடி, கோழிக்குஞ்சு, கட்டில், துணிமணி, பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் என்று எதைத் தேடினாலும் அகப்படும். கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பிப் பாராமல் கடந்துபோகும் பகுதி ஒன்று உண்டு. தார்ப்பாயில் குவித்த துருப்பிடித்த ஸ்பேனர்கள், பிடி கழன்ற சுத்தியல்கள், பல் தேய்ந்த அரங்கள், பெட்டி நிறைய டிரில் பிட்டுகள், ஓரமாக ஒரு பெஞ்ச் வைஸ். அங்கே மட்டும் சிலர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மெக்கானிக், தச்சர், வெல்டர் என்று தொழில்காரர்கள் வருவது இயல்பு. மாடிப்படிக்கு அடியிலோ கார் ஷெட்டின் மூலையிலோ சின்னதாக ஒரு பட்டறை வைத்துக்கொண்டு, விடுமுறை நாளில் ஸ்டூலும் கத்தியும் கேட்டுக் கொண்டியும் செய்கிறவர்களுக்கும் இதுதான் புதையல் மேடு. செலவு குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இன்று புதிதாகக் கிடைக்கும் மலிவுக் கருவியைவிட, நாற்பது ஐம்பது ஆண்டுக்கு முந்தைய நல்ல கருவியின் எஃகு பல சமயம் உயர்ந்தது என்பது. எல்லாப் பழையதும் நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. அந்தக் காலத்திலும் மட்டமான சரக்கு வந்தது. அது எப்போதோ உடைந்து உலைக்குப் போய்விட்டது. மிஞ்சியிருப்பது தாங்கி நின்ற சரக்கு.

தாம்பரத்திலிருந்து மதுராந்தகம் வரை ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் இருக்கும் காயலாங்கடைகளில் கதை இன்னும் சுவாரசியம். அங்கே தராசுதான் எல்லாம். ஜன்னல் கம்பியும் லாரி ஸ்பிரிங் பட்டையும் ஒரே தட்டில் ஏறும், ஒரே விலைக்கு இறங்கும். முன்னது எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கத்தியாகாது. பின்னது தலைமுறைக்கு உழைக்கும் அரிவாளாகும். அந்த வித்தியாசத்தைத் தராசு காட்டாது. வாங்குகிறவர் கண்டுபிடிக்க வேண்டும்.

எஃகின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதில் கலந்திருக்கும் கரி. கதவு, ஜன்னல், ஆங்கிள் எல்லாம் மைல்டு ஸ்டீல். கரி கால் சதவீதத்தைத் தாண்டாது. வளைக்கலாம், வெல்டிங் செய்யலாம், கூர் மட்டும் நிற்காது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் கரி ஏறத்தாழ 0.6 சதவீதம், கூடவே மாங்கனீசோ சிலிக்கானோ குரோமியமோ இருக்கும். கொல்லர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். பேர்போன திருப்பாச்சி அரிவாளும் இன்று லாரிப் பட்டையிலிருந்துதான் பிறக்கிறது. பால் பேரிங்கின் வளையத்திலும் நல்ல அரத்திலும் கரி ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஆகவே காயலாங்கடையில் கேட்க வேண்டிய கேள்வி, “இது என்ன இரும்பு?” என்பதல்ல, கடைக்காரருக்கே தெரியாது. “அண்ணே, இது எதிலிருந்து கழன்றது?” என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

மீதி விடைக்கு இரண்டு சாமான் போதும். ஒன்று காந்தம். பித்தளை என்று சொல்லி விற்பது முலாம் பூசிய இரும்பா என்பதை நொடியில் காட்டிக்கொடுக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விஷயத்தில் மட்டும் காந்தத்தை முழுதாக நம்பக்கூடாது. பாத்திரக்கடையில் சாதாரணமாகப் புழங்கும் 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, 430 ரகத்தில் ஒட்டும், இரண்டும் ஸ்டெயின்லெஸ்தான். இன்னொரு சாமான் கையடக்கமான ஒரு புது அரம். உரசியதும் கடித்தால் அது மென்மையான இரும்பு. வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் ஏறிய எஃகு.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் சந்தேகம் இருந்தால் கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பொறியைப் பார்க்கலாம். மைல்டு ஸ்டீலில் பொறி நீண்ட நேர்க்கோடுகளாக ஓடும், அதிகம் கிளைக்காது. கரி கூடக் கூடக் கோடு குறுகி, நுனியில் மத்தாப்பு போல வெடித்துப் பிரியும். வார்ப்பிரும்பின் பொறி சிவந்து, குட்டையாக, சோம்பலாக விழும். அலுமினியத்துக்கும் செம்புக்கும் பித்தளைக்கும் பொறியே கிடையாது. அவற்றைக் கிரைண்டரில் பிடித்தால் கல்லின் முகம் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

தேய்ந்த அரத்தை உளியாகவோ மரம் செதுக்கும் சுரண்டியாகவோ மாற்றுவதுதான் புதுப் பட்டறைக்காரர் முதலில் செய்து பார்க்கும் வேலை. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அரம் கடினமானது, அதனாலேயே நொறுங்கக் கூடியது. அப்படியே தீட்டிச் சுத்தியலால் அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணில் ஏறும். வீட்டு ஓவனில் 200 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டிய சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கிய முகம் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் எடுத்து ஆறவிட வேண்டும். கடினம் கொஞ்சம் குறையும், தாங்குதிறன் கூடும். கொல்லர் இதைப் பதம் என்பார். மரம் செதுக்க இந்தப் பதம் போதும். சுத்தியல் அடி வாங்கும் உளிக்கு அரத்தை விட்டுவிட்டு ஸ்பிரிங் பட்டையைத் தேடுவது நல்லது.

இந்தப் பதத்தைக் கண்ணால் படிக்கும் கலை இந்த மாவட்டத்தின் கடற்கரையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் உளி மழுங்கினால் எறிவதில்லை. கரி உலையில் காய்ச்சி, நுனியை அடித்து நீட்டி, நுனி மட்டும் நீரில் தோய்த்து, பின்பக்கத்துச் சூடு நுனிக்கு ஏறி வரும்போது தெரியும் நிறத்தைப் பார்த்து மறுபடி தோய்த்து நிறுத்துவார்கள். கருங்கல்லோடு மோதும் உளிக்குக் கடினம் கூடினால் உடையும், குறைந்தால் மடங்கும். இரண்டுக்கும் நடுவிலான இடம் குறுகியது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் உளி கொஞ்சம் குட்டையாகும். டங்ஸ்டன் கார்பைடு நுனி வைத்த உளியும் மின் கிரைண்டரும் வந்தபின் இந்த வேலை குறைந்திருக்கிறது. ஆனால் 1957-இல் அங்கே தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரியின் ஊரில், உளியைக் காய்ச்சத் தெரிந்த கைகளுக்கு இன்னும் பஞ்சமில்லை. வீட்டுப் பட்டறைக்காரர் ஒருவர் ஒரு நாள் முழுக்க அங்கே நின்று பார்த்தால், பத்து வீடியோ சொல்லித் தராததைக் கற்றுக்கொண்டு வரலாம்.

இரும்பு இந்த மண்ணுக்கு நேற்று வந்ததும் அல்ல. மதுராந்தகம் பக்கத்துச் சாணூரில் 1950-லும் 1952-லும் தொல்லியல் துறை அகழ்ந்த பெருங்கற்கால ஈமக் குழிகளில், இறந்தவர்களோடு இரும்புப் பொருள்களையும் வைத்துப் புதைத்திருந்தார்கள்.

சந்தைக்குத் திரும்புவோம். பழையதாக வாங்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், அது வைஸ். கெடுவதற்கு அதில் அதிகமாக எதுவும் இல்லை. கைப்பிடியைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அரைச் சுற்றுக்கு மேல் சும்மா சுற்றியபின்தான் தாடை நகர்கிறது என்றால் உள்ளே நட்டு தேய்ந்துவிட்டது. உடம்பில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று அடிப்பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது எளிதல்ல, புதுப் பெயிண்டுக்குக் கீழே விரிசல் ஒளிந்திருக்கலாம். சின்னச் சுத்தியலால் தட்டினால் முழு வார்ப்பு கணீரென்று பேசும், விரிசல் விட்டது மொக்கையாக ஒலிக்கும். தாடையின் பல் தகடு தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்பேனரில் வேறொரு சிக்கல். அரை இன்ச் என்று நினைத்து வாங்கியது எந்த அரை இன்ச் அகல நட்டுக்கும் பொருந்தாமல் தொளதொளவென்று ஆடும். குறை ஸ்பேனரில் இல்லை. 1841-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் வகுத்த முறையில், ஸ்பேனரில் பொறிக்கும் எண் போல்ட்டின் தண்டு தடிமன். நட்டின் அகலம் அல்ல. ‘1/2W’ என்று பொறித்ததன் வாய் 23 மில்லிமீட்டரைத் தாண்டும். 1956-இல் சட்டம் போட்டு நாடு மெட்ரிக் அளவுக்கு மாறத் தொடங்கிய பிறகும், பழைய இயந்திரங்களோடு இந்த ஸ்பேனர்களும் ஆலைகளில் நெடுநாள் தங்கிவிட்டன. பழைய புல்லட்டோ பம்புசெட்டோ வைத்திருப்பவருக்கு இது பொக்கிஷம். மற்றவர்கள் மில்லிமீட்டர் எண்ணைப் பார்த்து வாங்குவதே புத்தி.

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கரையில் வசிப்பவர்களுக்கு உப்புக் காற்று தனித் தலைவலி. உள்நாட்டுத் துரு மேலோட்டமானது, எண்ணெயும் கம்பி பிரஷும் போதும். கடற்கரைத் துருவில் குளோரைடு கலந்திருக்கும். குழிகளுக்குள் தங்கி, தேய்த்து முடித்த சில நாளிலேயே மறுபடி பூக்கும். நல்ல தண்ணீரில் பல முறை ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை வெளியேற்றியபின் துருவை எடுக்க வேண்டும். வினிகர் வேலை செய்யும், ஆனால் ஸ்பிரிங், பிளேடு போன்ற கடின எஃகை அமிலத்தில் நெடுநேரம் போட்டால் ஹைட்ரஜன் ஏறி அது நொறுங்கத் தொடங்கும்.

பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், கொஞ்சம் சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர்: இந்த முறை இன்னும் நல்லது. துருப்பிடித்த கருவியை எதிர்முனையிலும் ஒரு வீண் இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் ஓர் இரவு விட்டால் துரு கழன்று வரும். வீண் துண்டாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போடவே கூடாது, நச்சுக் குரோமியம் கரையும். சோடாவுக்குப் பதில் உப்பும் கூடாது, குளோரின் வரும். ஹைட்ரஜன் வாயு எழும் என்பதால் காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் பீடி வேண்டாம்.

மீனவக் கிராமங்களின் காயலாங்கடைகளில் படகுச் சாமான்களும் வரும். ஸ்டெயின்லெஸ் தண்டுகள், பித்தளைப் பொருத்துகள் கிடைத்தால் வாங்கலாம். பித்தளையைக் கீறிப் பார்க்க வேண்டும். மஞ்சளாக இல்லாமல் செம்பு நிறம் தெரிந்தால் அதிலுள்ள துத்தநாகத்தைக் கடல் தின்றுவிட்டது என்று பொருள்; பார்க்க முழுதாக இருக்கும், பாரம் ஏற்றினால் உதிரும்.

இனிச் சட்டம். வீட்டுப் பட்டறை வைக்கிறவர் எல்லோருக்கும் ஓர் ஆசை உண்டு: ரயில் தண்டவாளத்துண்டு ஒன்றைப் பட்டறைக்கல்லாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று. வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் அதைத்தான் சொல்கின்றன. நம் நாட்டில் 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி, திருடியதாகவோ முறைகேடாக வந்ததாகவோ சந்தேகிக்கத்தக்க ரயில்வே பொருளை, முறையாக வந்தது என்று காட்ட முடியாமல் வைத்திருந்தால் முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. ரயில்வே தன் கழிவு இரும்பை ஏலத்தில் விற்கிறது. அப்படி எடுத்தவரிடம் பில்லோடு வாங்கினால் வம்பில்லை. பில் இல்லாத துண்டைவிட, தடித்த தகட்டையோ பழைய இயந்திரத்தின் அச்சையோ நட்டு வைப்பது மேல். புதைசாக்கடை மூடி, தெருவிளக்குக் கம்பம், கேபிள் செம்பு ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம்.

உயிருக்கே உலை வைக்கும் சாமான்களும் உண்டு. காலி பெட்ரோல் டிரம்மை வெட்டக்கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். துத்தநாகம் பூசிய குழாயை வெல்டிங் செய்தால் புகையால் காய்ச்சல் வரும். மைக்ரோவேவ் அடுப்பின் கப்பாசிட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் அனுபவமுள்ளவரையே கொன்றிருக்கின்றன. என்னவென்று தெரியாத, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயக் கூடும், மூன்று இதழ்க் கதிர்வீச்சுச் சின்னமும் கண்ணில் பட்டால் தொடாமல் விலகிப் போலீசுக்குச் சொல்ல வேண்டும். 2010-இல் டெல்லி மாயாபுரியில் இந்த ஆபத்துதான் நேர்ந்தது. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றிலிருந்து ஏலத்தில் போன பழைய கருவியைக் காயலாங்கடையில் பிரித்தார்கள்; உள்ளே கோபால்ட்-60 இருந்தது. பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார்.

கடைசியாக, எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக்கூடாது? வைஸ், சுத்தியல், இழைப்புளி, ஸ்பேனர், கை டிரில் ஆகியவற்றைத் தாராளமாகப் பழையதாக வாங்கலாம். ஆங்கிள் கிரைண்டரைக் கடையில் புதிதாக, காப்பு மூடியோடு, பில்லோடு வாங்குங்கள். அதில் பூட்டும் வெட்டுத் தட்டைத் தார்ப்பாயிலிருந்து பொறுக்காதீர்கள். தட்டின் நடு ஓட்டையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். தயாரித்து மூன்று ஆண்டானபின் அதன் பிசின் பிடிப்பை நம்ப முடியாது.