ஐந்தாம் கூண்டா, ஆறாம் கூண்டா?

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் காரைக்கால் பகுதி மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டுக்குச் சேதி வருவது ஓர் எண்ணாகத்தான்: காரைக்கால் துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். சென்னை வானிலை மையம் துறைமுகத்துக்குச் சொல்ல, அது இருக்கும் கீழவாஞ்சூரில் கூண்டு ஏறுகிறது. நிருபர் எண்ணை மட்டும் எடுத்துத் தலைப்பில் போடுகிறார். கப்பல்களுக்கு ரேடியோவும் செயற்கைக்கோளும் வந்துவிட்ட பிறகு கூண்டுக்கு மிஞ்சிய வாசகர்கள் பத்திரிகைக்காரர்கள்தானோ என்னவோ.

எண் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்று படித்துக்கொள்கிறோம். பாதிதான் சரி. 1-ம் 2-ம் தொலைவில் உருவானதைச் சொல்பவை. 3-ம் 4-ம் துறைமுகத்தையே மிரட்டும் வானிலைக்கு. 5, 6, 7 மூன்றும் ஒரே வலிமையுள்ள புயலுக்கானவை, பாதைதான் வேறு. துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் புயல் கடந்தால் 5, வலப்பக்கம் விட்டால் 6, துறைமுகத்தின் மேலேயே அல்லது வெகு அருகே வந்தால் 7. கடும்புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10.

இடம் வலத்தில் அப்படி என்ன இருக்கிறது? நம் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுழல்பவை. மேற்கே வரும் புயலுக்கு வலப்பக்கம் வடக்கு. அங்கே காற்று கொண்டலாகக் கடலிலிருந்து ஊருக்குள் அடிக்கும். புயல் நகரும் வேகமும் அதோடு சேர்ந்து நீரைக் கரைமேல் தள்ளும். தெற்குப் பக்கத்தில் அதே நேரம் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். நீர் உள்வாங்கவும் கூடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது காரைக்கால் அதன் வலப்பக்கத்தில் இருந்தது. படகை எவ்வளவு மேலே இழுத்துவைப்பது என்று யோசிப்பவருக்கு வேண்டிய தகவல் புயல் எந்தப் பக்கம் கடக்கிறது என்பதுதான். செய்திக்குறிப்பு தரும் அலுவலகமாவது, அதை அச்சிடும் நாளிதழாவது, 'புயல் நமக்குத் தெற்கே கடக்கும், கடல் ஏறும்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

11-ஆம் கூண்டு இன்னும் விசித்திரம். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆனால் நிலைமை மோசமாகும் என்று உள்ளூர் அதிகாரி தாமே கருதுகிறார் என்பது அதன் பொருள். 1864 கல்கத்தா புயலுக்குப் பிறகு, தந்திக் காலத்தில், 1865-இல் கல்கத்தா துறைமுகத்தில்தான் இந்தியாவின் புயல் எச்சரிக்கை தொடங்கியது. தந்திக் கம்பி அறுந்துபோவதையும் கணக்கில் வைத்த முறை இது.

சுனாமிக்குக் கூண்டு கிடையாது. 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்குச் சுமத்ரா அருகே கடலடி அதிர்ந்தது. இந்தக் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை. 2007-இல் ஐதராபாத்தில் தொடங்கிய சுனாமி எச்சரிக்கை மையம் எண் எதுவும் அனுப்புவதில்லை. மக்களை வெளியேற்றுவதா, கடற்கரைக்குப் போகாமல் தடுப்பதா, காத்திருப்பதா என்பதை அதன் அறிக்கையே அதிகாரிகளுக்குச் சொல்லிவிடுகிறது.