மூளையிடம் ஒரு கேள்வி



பூரணை இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை வாவித் தண்ணீரில் விட்டு, மறு நுனியைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். பெரியகல்லாற்றுப் பிள்ளைகளான உங்களுக்கு இது புதுக்கதை அல்ல. மூளைக்குள் நடப்பதையும் வைத்தியர்கள் இப்படித்தான் காது கொடுத்துக் கேட்கிறார்கள். ஆனால் மூளை பேசுவது மின்சாரத்தில்!

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. அவை மிகச் சிறிய மின்துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசுகின்றன. சில வேளை ஓரிடத்துக் கலங்கள் எல்லாம் கூட்டமாக, கட்டுக்கடங்காமல் துடிக்கும். அதுதான் வலிப்பு. சிலருக்குக் கை கால் இழுக்கும். சிலர் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இது பேயும் அல்ல, தொற்றும் அல்ல.

ஜேர்மனியில் ஹான்ஸ் பேர்கர் என்ற வைத்தியர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். இன்று அதை ஈ.ஈ.ஜி. என்கிறோம்.

பத்தில் ஏழு பேருக்கு மருந்திலேயே வலிப்பு அடங்கிவிடும். அடங்காதவர்களில் சிலருக்கு, வலிப்பு கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்து அறுவைச் சிகிச்சை செய்யலாம். அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கனடாவின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவைச் சிகிச்சை வைத்தியர் மூளையிடமே கேட்டார். மூளையைத் தொட்டால் வலிக்காது. அதனால் தலைத் தோலை மட்டும் மரக்கச் செய்துவிட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையில் ஓரிடத்தைச் சிறு மின்சாரத்தால் தொடுவார். "பெருவிரல் துடிக்குது" என்பார் நோயாளி. உடனே பென்ஃபீல்ட் அந்த இடத்தில் இலக்கமிட்ட சின்னக் கடதாசித் துண்டு ஒன்றை வைப்பார். பிறகு அடுத்த இடம். வலிப்பு வருமுன் வழக்கமாகத் தோன்றும் கருகல் மணமோ, வயிற்றில் ஏதோ எழும்பும் உணர்வோ வந்துவிட்டால், தேடிய இடம் நெருங்கிவிட்டது! பேச்சுக்கும் கைக்கும் உரிய இடங்களை வெட்டாமல் காப்பாற்றவும் இந்தக் கடதாசிகளே வழிகாட்டின.

மொன்றியலில் பென்ஃபீல்டின் நிறுவனத்தில் பயின்ற கேரளத்து வைத்தியர் ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1952இல் வலிப்புக்கான அறுவைச் சிகிச்சையும் அங்கே நடந்தது.

சரி, வலிப்பு வருமுன்பே எச்சரிக்க முடியுமா? அவுஸ்திரேலியாவில் 15 பேரின் மூளை மேற்பரப்பில் மின்முனைகள் பொருத்திப் பார்த்தார்கள். கையிலிருந்த கருவியில் நீல விளக்கு எரிந்தால் ஆபத்து குறைவு, சிவப்பு எரிந்தால் கவனம்! முடிவுகள் 2013இல் வெளிவந்தன. சிலருக்கு நன்றாகப் பலித்தது, எல்லோருக்கும் அல்ல.

அந்தக் கருவி கேட்க மட்டுமே செய்தது. இப்போது ஆய்வாளர்கள் இடையிடையே சிறு மின்துடிப்பு ஒன்றை அனுப்பி, மூளை எப்படிப் பதில் தருகிறது என்று அளந்து பார்க்கிறார்கள். பதில் மாறும் விதத்தைக் கொண்டு வலிப்பு நெருங்குவதை அறியலாமா என்பதே அவர்களின் தேடல்.

அது கைகூடும் வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வகுப்பில் யாருக்காவது வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள். தலைக்கடியில் மெத்தென்ற ஒன்றை வைத்து, ஒருக்களித்துப் படுக்க விட்டு, ஆசிரியரைக் கூப்பிட்டு, மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். வலிப்பு நின்றதும் அந்த நண்பரைக் கேலி செய்யாமல் பக்கத்தில் இருங்கள்.