ஆற்றுக்குருடு

ஆற்றுக்குருடு என்பது நூல்போன்ற ஒருவகை உருளைப்புழுவால் தோலிலும் கண்ணிலும் உண்டாகும் நோயாகும். மருத்துவ நூல்களில் இதன் பெயர் ஆங்கோசெர்சியாசிஸ். நோயாளிகளில் 100க்கு 99 பேருக்கு மேல் ஆப்பிரிக்காவில் உள்ளனர். எஞ்சியோர் ஏமன் நாட்டிலும், பிரேசில் – வெனிசுவேலா எல்லைக் காடுகளில் வாழும் யானோமாமி பழங்குடியினரிடையேயும் உள்ளனர். இந்தியாவில் இந்நோய் இல்லை. ஆனால் இப்புழுவுக்குப் பங்காளி முறையான ஒரு புழு தமிழ்நாட்டுக்குப் பழையது. அதுதான் யானைக்கால் நோயைத் தரும் உச்செரேரியா பான்கிராஃப்டி. இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டிய தேவை உண்டு. ஒன்றுக்குத் தரும் மருந்தை மற்றொன்று உள்ளவருக்குத் தந்தால் கண் போய்விடலாம்.

ஆறும் ஈயும்

பெயரைப் பார்த்து ஆற்றுநீரில் குளித்தாலோ குடித்தாலோ நோய் வரும் என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. அப்படியல்ல. சிமுலியம் எனப்படும் கரும் ஈ கடிப்பதால் பரவுகிறது. இந்த ஈயின் புழுப்பருவம் வேகமாக ஓடும் நீரில், பாறையையும் செடிகொடிகளையும் பற்றிக்கொண்டு வளரும். தேங்கிய நீரில் வளராது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் மழைக்காலத்தில் நிறையும் கண்மாய்களையும், ஆண்டில் பல மாதம் மணலாய்க் கிடக்கும் ஆறுகளையும் நினைத்துப் பார்த்தால் இந்த ஈக்கு இங்கே ஏன் இடமில்லை என்பது விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் சிமுலியம் இனங்கள் உண்டு. அங்கே ஈ இருக்கிறது, புழு இல்லை. ஆகவே நோயும் இல்லை. யானைக்கால் புழுவைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசுவோ சாக்கடையில் சுகமாக வளர்வது. அதற்கு ஆறு வேண்டியதில்லை.

1915இல் குவாத்தமாலா நாட்டு மருத்துவர் ரொடால்ஃபோ ரோப்லெஸ் இப்புழுவுக்கும் கண் நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டார். 1926இல் சியரா லியோனில் டொனால்டு பிளாக்லாக் இதைப் பரப்புவது கரும் ஈ என்று நிறுவினார்.

புழு எப்படிக் கண்ணைக் கெடுக்கிறது?

ஆங்கோசெர்கா வால்வுலஸ் என்னும் இப்புழுவில் பெண் 30 முதல் 50 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஆண் சில சென்டிமீட்டர்தான். தோலுக்கடியில் கழலைபோன்ற முடிச்சுக்குள் சுருண்டு 10 முதல் 15 ஆண்டு வாழும். பெண்புழு நாளொன்றுக்கு ஆயிரம் வரை நுண்புழுக்களை ஈனும். அவை தோலுக்குள் ஊர்ந்து திரியும். சில கண்ணுக்குள்ளும் போகும்.

உயிரோடிருக்கும் நுண்புழு பெரிதாகத் தொல்லை தருவதில்லை. அது சாகும்போதுதான் வினை. இறந்த புழுவை எதிர்த்து உடல் காட்டும் அழற்சியே தீராத அரிப்பையும், கண்ணில் தழும்பையும் உண்டாக்குகிறது. கருவிழிமேல் கண்ணாடிபோல் இருக்கும் படலம் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக வெளுத்து மங்கும்; விழித்திரையும் பார்வை நரம்பும் கூடப் பழுதடையும். இந்த அழற்சியில் பெரும்பங்கு புழுவுக்கே உரியதன்று என்பது பின்னால் தெரிந்தது. புழுவின் உடலுக்குள் குடியிருக்கும் உல்பாக்கியா என்ற பாக்டீரியா, புழு செத்ததும் வெளிப்பட்டுக் கண்ணைத் தாக்குகிறது என்று 2002இல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது. அந்தப் பாக்டீரியாவை டாக்சிசைக்ளின் மருந்தால் நான்கு முதல் ஆறு வாரத்தில் அழித்தால் பெண்புழு மலடாகிறது. எனினும் சிறு குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இது ஆகாது. ஊர் முழுவதற்கும் ஆறு வாரம் மருந்து கொடுப்பதும் நடைமுறைக்கு ஒத்துவராது.

கண்ணோடு நிற்பதுமில்லை. நோய் மிகுந்த ஊர்களில் பிள்ளைகளுக்கு வலிப்பு அதிகம். உகாண்டா, தெற்கு சூடான், தான்சானியா நாடுகளில் சாப்பிடும் வேளையில் தலை தொங்கித் தொங்கி விழும் தலையாட்டு நோய் இதில் ஒருவகை. சிறு வயதில் தோலில் நுண்புழு மிகுதியாக இருந்த பிள்ளைகளுக்கே பின்னாளில் வலிப்பு கூடுதலாக வந்தது என்று கேமரூனில் கண்டனர். ஆனால் மூளைக்குள் நடப்பது என்ன என்பது இன்னும் ஆய்வில்தான் உள்ளது.

மண்ணிலிருந்து வந்த மருந்து

இந்நோய்க்கான ஐவர்மெக்டின், ஜப்பானில் சதோஷி ஓமுரா எடுத்த மண்ணில் வாழ்ந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைப் பாக்டீரியாவிலிருந்து பிறந்தது. கோடை உழவுக்குப் பின் முதல் மழை விழும்போது கரிசல் மண் மணக்கிறதே, அந்த மணத்தைத் தருவதும் இதே இனத்துப் பாக்டீரியாக்கள்தாம். முதலில் இது கால்நடை மருந்து. நம் ஊரில் ஆடு வளர்ப்பவர்கள் பலரும் இதன் பெயரை அறிவார்கள். வில்லியம் கேம்பெல்லுக்கும் ஓமுராவுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. மெர்க் நிறுவனம் 1987 முதல் இம்மருந்தை இந்நோய்க்கு இலவசமாக வழங்கிவருகிறது. இது நுண்புழுவை ஒழிக்கும், தாய்ப்புழுவைக் கொல்லாது. ஆகவே தாய்ப்புழு ஆயுள் முடியும்வரை ஆண்டுதோறும் விழுங்கவேண்டும்.

அதற்கு முன்னரே, 1974இல், மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளில் ஹெலிகாப்டரிலிருந்து ஈப்புழுக்கொல்லி தெளிக்கத் தொடங்கினர். ஈக்கு அஞ்சி மக்கள் கைவிட்ட நல்ல ஆற்றங்கரை நிலங்கள் மீண்டும் உழவுக்கு வந்தன. தண்ணீரில்லாமல் நிலம் தரிசாகக் கிடப்பதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். தண்ணீர் ஓடியும் குடியிருக்க முடியாத ஊர்கள் அவை. 2013இல் கொலம்பியாவும், 2025 ஜனவரியில் ஆப்பிரிக்காவிலேயே முதல் நாடாக நைஜரும் இந்நோய் ஒழிந்ததற்கான சான்று பெற்றன.

டி.இ.சி. மாத்திரை

யானைக்கால் நோய்க்குத் தமிழ்நாட்டில் வீடுவீடாகத் தரப்பட்டது டி.இ.சி. எனப்படும் டை எத்தில் கார்பமசைன். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையிலான அமெரிக்க லெடர்லே ஆய்வுக்கூடத்தில் 1940களில் உருவானது. யானைக்கால் நுண்புழு இருப்பது இரத்தத்தில். அதனால்தான் இரவில் வந்து விரலில் குத்திச் சோதித்தார்கள். மருந்து பட்டு அது இரத்தத்தில் சாகும்போது காய்ச்சலும் தலைவலியும் வந்து ஓரிரு நாளில் தணியும். ஆற்றுக்குருட்டு நுண்புழு இருப்பதோ தோலிலும் கண்ணிலும். டி.இ.சி. கொடுத்தால் அவை அங்கேயே கூட்டமாகச் செத்து, உள்ள பார்வையையும் பறித்துவிடக்கூடும். 1948இல் இதை விவரித்த மெக்சிகோ மருத்துவர் பெயரால் இது மசோட்டி எதிர்வினை எனப்படுகிறது.

ஐவர்மெக்டின், டி.இ.சி., ஆல்பெண்டசோல் மூன்றையும் ஒருசேரத் தந்தால் யானைக்கால் நுண்புழு விரைவில் ஒழிகிறது. ஆற்றுக்குருடு இல்லாத நாடு என்பதால் 2018 முதல் இந்தியாவில் சில மாவட்டங்களில் இம்முறை கையாளப்படுகிறது. இரு நோயும் சேர்ந்திருக்கும் ஆப்பிரிக்க நாடுகளில் டி.இ.சி.யை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டுமே கொடுக்கிறார்கள்.