பாதம் காக்கும் வைத்தியமும் காப்புறுதியும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம்முள் வழங்கும் பழமொழி. அந்தச் சிரசையும் சேர்த்து நாள் முழுவதும் சுமப்பது பாதம். கம்பளையில் வாழும் எமக்கு இதனை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மகாவலிக் கரையிலுள்ள எங்கள் நகரிலிருந்து புசல்லாவைப் பக்கம் ஏறினாலே செங்குத்தான பாதைகளும் தேயிலை மலைகளும் தொடங்கிவிடுகின்றன. அங்கே கொழுந்துக் கூடை சுமப்பவருக்குக் காலே சம்பளம். கால் போனால் வீட்டு அடுப்பும் அணைந்துபோகும். அத்தகைய பாதத்தைக் காக்கும் வைத்தியத்துக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

பாதத்துக்கு இன்று பெரும் பகையாய் நிற்பது, சலரோகம் என்று நம் முன்னோர் சொன்ன நீரிழிவு. 2018, 2019ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடத்திய ஓர் ஆய்வில், வயதுவந்தோருள் ஐவரில் ஒருவருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. இது நெடுங்காலம் அடங்காதிருந்தால் காலின் நரம்புகள் உணர்விழக்கின்றன. இரத்த ஓட்டமும் குன்றுகிறது. கல் குத்தினாலும், செருப்பு உரசினாலும் வலி தெரிவதில்லை. வலி என்பது உடம்பின் காவற்காரன். காவற்காரன் உறங்கிவிட்டால் சிறு கொப்புளம் புண்ணாகிறது; புண்ணில் கிருமி சேர்கிறது; இறுதியில் விரலையோ காலையோ வெட்ட நேர்கிறது. நீரிழிவினாற் கால் இழப்போருள் நூற்றுக்கு 85 பேர் அளவில், முதலிற் காலில் ஆறாத புண் வந்தவர்களே என்று வைத்திய நூலோர் கூறுவர். ஆகவே புண்ணைத் தடுத்தால் காலைக் காக்கலாம்.

தடுக்கும் முறை எளியது. மெல்லிய நைலோன் இழையினால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி உண்டா என்று பார்க்கிறார்கள். தடித்துக் காய்ப்பேறிய தோலையும் காலாணியையும் பக்குவமாய்ச் செதுக்குகிறார்கள். அழுத்தம் ஓரிடத்திற் குவியாதவாறு பாதணி செய்விக்கிறார்கள். இவற்றையே தொழிலாகக் கற்றவரை மேனாட்டார் பாத வைத்தியர் என்பர். நம் நாட்டில் இப்பெயர் பலருக்குப் புதிது. இப்பணியைப் பெரும்பாலும் நீரிழிவுச் சிகிச்சை நிலையங்களிலுள்ள வைத்தியரும் தாதியருமே செய்து வருகின்றனர்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். அவர் பாதம் உணர்விழந்து வருவதைக் கண்ட வைத்தியர், தனி அளவிற் பாதணி செய்து அணியுமாறும், திங்கள்தோறும் வந்து பாதத்தைக் காட்டுமாறும் சொன்னார். ஆசிரியர் அவ்வாறே செய்து, பற்றுச்சீட்டுகளைத் தாம் பணம் கட்டிவந்த காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பினார். வைத்தியசாலையில் தங்கிப் பெற்ற சிகிச்சை அன்று என்று அவை திரும்பி வந்தன. பாதணி தேய்ந்த பின் அவர் வேறு செய்விக்கவில்லை. ஓராண்டு சென்றது. பழைய செருப்பின் ஆணி ஒன்று உள்ளங்காலைத் துளைத்திருந்ததை, பாயில் இரத்தக் கறையைக் கண்டுதான் அவர் அறிந்தார். இரண்டு விரல்களை வெட்ட நேர்ந்தது. சத்திர சிகிச்சைக்கும் அறை வாடகைக்கும் அதே நிறுவனம் மறுப்பின்றிப் பணம் கொடுத்தது! விரலைக் காக்கக் கேட்ட சிறு தொகை இல்லை. வெட்டக் கேட்ட பெருந்தொகை உண்டு.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதி 1965இல் சட்டமாயிற்று. 1967இல் பாத வைத்தியரும் அதில் இடம் பெற்றனர். ஆயினும் சாதாரணப் பாதப் பராமரிப்புக்குப் பணம் இல்லை என்று அப்போதே விதித்தனர். வறியோருக்கான திட்டத்திலோ, பாத வைத்தியம் இன்றும் மாநிலங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது. அரிசோனா மாநிலம் செலவைக் குறைக்க எண்ணி, ஏறத்தாழ 2010இல் அதனை நீக்கியது. பின்னர் ஆராய்ந்தவர்கள், மிச்சம் பிடித்த தொகையைவிட வைத்தியசாலைச் செலவு பன்மடங்கு உயர்ந்ததைக் கண்டனர். 2016இல் அம்மாநிலம் அவ்வைத்தியத்தை மீண்டும் சேர்த்துக்கொண்டது.

காப்புறுதி நடத்துவோர் ஒரு நியாயம் சொல்வர். நகம் வெட்டுவதற்கெல்லாம் பணம் கொடுக்கப் புகுந்தால் நிதி கரைந்துவிடாதா என்பர். கேட்கத்தக்க கேள்வியே. ஆனால் எல்லார் பாதத்துக்கும் கொடுக்குமாறு எவரும் கேட்கவில்லை. உணர்விழந்த பாதம், இரத்தம் குன்றிய பாதம், முன்பு புண் வந்த பாதம் ஆகியவற்றுக்குக் கொடுத்தாற் போதும். முன்சொன்ன அமெரிக்க முதியோர் திட்டமும் இத்தகையோருக்கு விலக்களித்து, 1993 முதல் ஆண்டுக்கு ஒரு சோடிப் பாதணிக்கும் உதவி வருகிறது.

காப்புறுதியே இல்லாத தோட்டத் தொழிலாளியின் நிலை என்ன? அரசாங்க வைத்தியசாலைகளில் 1951இல் கட்டணம் நீக்கப்பட்டது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. எனினும் மலைத்தோட்டத்திலிருந்து பஸ் ஏறிச் சிகிச்சை நிலையத்துக்கு வருபவர் அன்றைய சம்பளத்தை இழக்கிறார். கட்டணமில்லா வைத்தியத்துக்கும் அவர் ஒரு நாட் கூலியைக் கட்டணமாய்ச் செலுத்துகிறார். வலியும் இல்லாதபோது அவர் ஏன் வருவார்?

இம்மலைநாடு முன்பே கற்ற பாடம் ஒன்று உண்டு. 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப் புழுவை ஒழிக்கும் இயக்கம் தொடங்கிற்று. வெறுங்காலின் வழியே உடம்பினுட் புகும் புழு அது. மருந்து கொடுத்தார்கள், நோய் நீங்கிற்று. மலகூடம் கட்டாத இடங்களிலோ அது திரும்பவும் வந்தது. மருந்துக்குச் செலவிட்டுத் தடுப்புக்குச் செலவிடாதவன் ஒரே நோய்க்கு இருமுறை பணம் கொடுக்கிறான்.

ஆதலின் செய்யத்தக்கவை மூன்று. காப்புறுதிப் பத்திரங்களில், ஆபத்துள்ள பாதத்தின் பரிசோதனையையும் பாதணியையும் சேர்த்தல் வேண்டும். பயிற்சி பெற்ற தாதி ஒருவர் குறித்த நாளில் தோட்டத்துக்கே சென்று பாதங்களைப் பார்த்தல் வேண்டும். பாதப் பராமரிப்பைத் தனித் தொழிலாய்க் கற்பித்து, அதற்கு அங்கீகாரமும் அளித்தல் வேண்டும். அங்கீகாரம் இல்லாதவர் கொடுக்கும் சீட்டை எந்த நிதியும் ஏற்காது.

நேயர்களே, நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வீட்டில் நீரிழிவுள்ள பெரியவர் இருந்தால், இன்றிரவு அவர் உள்ளங்காலை விளக்கொளியிற் பாருங்கள், விரலிடுக்கையும் பாருங்கள். அடுத்த முறை காப்புறுதிப் பத்திரத்திற் கையொப்பமிடுமுன், பாதத்தைக் காப்பதற்குப் பணம் உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பலர் கேட்டால்தான் பத்திரம் மாறும்.