கட்டுமிடத்தில் ஒரு கண்

நம் சங்கத்து அன்பர்களில் பலர் பிழைப்பை ஓரிடத்தும் வீட்டைப் பிறந்த ஊரிலுமாக வைத்துக் கட்டுகிறவர்கள். அடிக்கடி சென்றுவர விடுப்பு ஏது? சிமெண்டு மூட்டையும் கம்பியும் இரவோடிரவாகக் கால் முளைத்து நடந்துவிடுகின்றன. ஆகவே கைப்பேசியில் காட்சி காட்டும் காமிராவைக் கம்பத்தில் மாட்டிவிடுகிறோம். நாமும் அவ்வாறே செய்தோம்.

ஒரு வாரம் சென்றது. மேஸ்திரி அழைத்தார். "சார், அந்தக் கண்ணைக் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்க. சித்தாளுங்க கொட்டகையிலே சேலை மாத்த முடியலே, பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் கூசுதுங்க" என்றார். மூட்டையைக் காக்க வைத்த கருவி அவர்கள் மறைவிடத்தையன்றோ நோக்கிக்கொண்டிருந்தது! வெட்கினோம்.

சொந்த மனையில் காமிரா வைக்கச் சட்டத்தில் தடையில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவர் தம் சொந்த, இல்லத் தேவைக்காகச் செய்வதைத் தன் வரம்பினின்று விலக்கியே உள்ளது. ஆயினும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். சம்மதமின்றி ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அறிந்தே படம் பிடித்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. தனிமையிலிருக்கும் பெண்ணை ஒளிந்து நோக்குவதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் தனிக் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாத சிறை. மேஸ்திரி சொன்ன பின்பு, அறியாமை என்னும் சாக்கு நமக்கில்லை.

அன்றே காமிராவைச் சரக்கறைக்கும் வாயிலுக்கும் நேராகத் திருப்பினோம். கொட்டகைக்குக் கதவு போட்டாயிற்று. பதிவு நடப்பதைக் கூறும் பலகையும் தொங்குகிறது. அடுத்த வீட்டுக் கொல்லை ஓரமாகச் சற்றே தெரிகிறது. அவ்வீட்டாரையே அருகில் நிறுத்தி அதைச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறோம்.