இடமே உருபாகும் மொழி: ஆங்கிலத் தொடரில் சொல்லொழுங்கு

'தி டாக் பிட் தி மேன்' என்றால் நாய் மனிதனைக் கடித்தது. அதே சொற்களை 'தி மேன் பிட் தி டாக்' என அடுக்கினால் கடித்தவன் மனிதனாகிவிடுகிறான். 'மனிதனை நாய் கடித்தது' என்று முன்பின்னாகச் சொன்னாலும் தமிழில் பொருள் பிறழாமைக்கு, இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' பெயரோடு ஒட்டியே செல்வது காரணம். இன்றைய ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அத்தகைய உருபு இல்லாமையால், வினைக்கு முன்னிற்பது எழுவாய், பின்னிற்பது செயப்படுபொருள் என இடமே அவ்வேலையைச் செய்கிறது.

தொடக்கத்தில் நிலைமை இவ்வாறு இல்லை. ஏறத்தாழ 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயர்கள் வேற்றுமைக்கேற்பத் திரிந்தன. பெயர் திரியாத இடத்திலும், ஆண்பால் ஒருமைப் பெயருக்கு முன்வரும் சுட்டு, எழுவாயாயின் 'சே' என்றும் செயப்படுபொருளாயின் 'தோனே' என்றும் நின்று வேறுபாட்டைக் காட்டியது. முதலசையில் அழுத்தம் விழுந்து ஈற்றுயிர்கள் மங்கியதும், வடபகுதியில் குடியேறிய ஸ்காண்டிநேவியருடன் ஏற்பட்ட மொழிக்கலப்பும் ஈறுகள் தேய்ந்தமைக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஈறுகள் தேயத் தேய, எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் வரிசை இறுகியது.

இடங்கள் இவ்வாறு இலக்கணத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டதால், ஒரு சொல்லுக்கு அழுத்தம் தர விரும்புபவர் பெரும்பாலும் அச்சொல்லை மட்டும் நகர்த்த இயலாமல், தொடரின் அமைப்பையே மாற்ற வேண்டியவராகிறார். 1926இல் உருவான பிராக் மொழியியல் வட்டத்தின் நிறுவனர்களுள் ஒருவரான விலேம் மத்தேசியுஸ், அறிந்த செய்தி முதலிலும் புதிய செய்தி இறுதியிலும் அமையும் போக்கை ஆராய்ந்து, செக் மொழி சொற்களை இடம்மாற்றிப் பெறும் இவ்வொழுங்கை ஆங்கிலம் செயப்பாட்டுவினையின் துணையால் பெறுவதைக் காட்டினார். பாலத்தைப் பற்றிய பேச்சின் நடுவே, அதை வடிவமைத்தவர் பெயர் புதிய செய்தியாக வரும்போது, 'தி பிரிட்ஜ் வாஸ் டிசைன்ட் பை பிரூனெல்' என்பது இயல்பாக அமைகிறது. வேறெவரும் அல்லர், அவரே என வலியுறுத்த, ஒரு தொடரை இரண்டாகப் பிரிக்கும் பிளவுத் தொடராக 'இட் வாஸ் பிரூனெல் ஹூ டிசைன்ட் தி பிரிட்ஜ்' என்பது வருகிறது.

'நெவர்' என்னும் எதிர்மறைச் சொல் தொடரின் முதலில் நின்றால், 'நெவர் ஹேவ் ஐ' எனத் துணைவினை எழுவாயை முந்துவதும் அழுத்தத்துக்கே. வினை இரண்டாம் இடத்தில் நிற்கும் பழைய வழக்கின் எச்சம் இது; அவ்வழக்கு ஜெர்மனில் இன்றும் முதன்மைத் தொடர்களின் பொதுவிதியாக உள்ளது.

பேச்சில் குரலின் ஏற்றமே அழுத்தத்தைக் காட்டிவிடும்; எழுத்தில் அப்பொறுப்பைப் பெரிதும் இடமே ஏற்கிறது. ஆகவே, செயப்பாட்டுவினையைத் தவிர்க்க வேண்டும் என்று வகுப்பறைகளில் கற்பிக்கப்படும் விதி, தொடரின் இறுதியில் எச்சொல் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்த பின்னரே பின்பற்றத்தக்கது.