ஹெல்மெட்ல கேமரா: கழன்று விழுறதை விட மாட்டிக்கிறதுதான் ஆபத்து

எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.

ஸ்கைடைவிங் பத்திப் பேசினதுக்கு அப்புறம் அதிகமா வந்த கேள்வி இது: "கோப்ரோவை ஹெல்மெட்ல மாட்டிக்கிட்டு குதிக்கலாமா?" பைக் ஹெல்மெட்ல மாட்டி ஊர் சுத்துறோம், இதுல என்ன பெருசா இருக்குன்னு தோணும். பைக்ல நம்ம கவலை, கேமரா கழன்று விழுந்துடுமோங்கிறது. வானத்துல அதை விடப் பெரிய கவலை, அது எதுலயாவது மாட்டிக்கிட்டு கழலாம நின்னுடுமோங்கிறது.

மாட்டிக்கிறதுன்னா என்ன?

வயிறு கீழே பார்க்க விழும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பாராசூட் விரியும்போது, முதுகுப் பையிலிருந்து மெல்லிய கயிறுகள் தலையை ஒட்டியே மேலே போகும். எல்லாம் ஒழுங்கா நடந்தா தலையில படாது. உடம்பு சாய்ஞ்சோ புரண்டோ இருக்கும்போது விரிஞ்சா, ஒரு கயிறு கேமராவுக்கு அடியில நுழைஞ்சுடலாம். அப்போ பாராசூட்டோட இழுவை கழுத்துக்கு வரும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. பிரதான பாராசூட் கோளாறானா, அதைக் கழற்றி விட்டுட்டு ரிசர்வைத் திறக்கணும். கயிறு ஹெல்மெட்ல சிக்கியிருந்தா பிரதான பாராசூட் விலகிப் போகாது. திறக்கிற ரிசர்வும் அதுலயே சுத்திக்கலாம்.

மவுண்ட் எப்படி இருக்கணும்?

கேமராவோட வர்ற சாதாரண மவுண்ட்ல உயரமான கால் ஒண்ணும், வெளியே நீட்டிக்கிட்டு ஒரு திருகும் இருக்கும். கயிறு மாட்ட அது தோதான கொக்கி. அதனால ஹெல்மெட்டோட ஒட்டி உட்கார்ற, தட்டையான மவுண்ட்தான் வேணும். கேமராவுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா அதை அடைச்சுடணும். கூர்மையான விளிம்பு, துருத்துற திருகு எதுவும் வேண்டாம். கேமரா தொலையக் கூடாதுன்னு கட்டுற கயிறும் இன்னொரு வளையம்தான்.

சோதிக்கிறது சுலபம். ஒரு மெல்லிய கயிறை எடுத்து, ஹெல்மெட் மேல முன்னிருந்து பின்னாடி, பக்கத்துல, கீழிருந்து மேலேன்னு எல்லாத் திசையிலயும் இழுத்துப் பாருங்க. எங்கேயாவது நின்னா, அந்த இடத்தைச் சரி பண்ணாம விமானம் ஏறக் கூடாது.

தாடைப் பக்கம் மாட்டுறவங்க இன்னொண்ணும் பார்க்கணும். குனிஞ்சா பாராசூட் கைப்பிடிகள் கண்ணுக்குத் தெரியுதா? கேமரா மறைச்சா இடத்தை மாத்துங்க.

எவ்வளவு பார்த்தாலும் சிக்க வாய்ப்பு உண்டு. அதனால ஒரே இழுப்புல ஹெல்மெட்டையே கழற்றி விடுற ரிலீஸ் அமைப்பு இருக்கணும். எந்தக் கையாலயும் எட்டணும். முதல்ல கயிறை எடுக்கப் பார்க்கிறதா, ஹெல்மெட்டை விடுறதா, எந்த உயரம் வரைக்கும் முயற்சி பண்றதுங்கிறதை எல்லாம் இன்ஸ்ட்ரக்டரோட பேசி, தரையிலயே பழகிக்கணும்.

கழுத்துக் கணக்கு

பாராசூட் விரியுற நொடியில உடம்பு சட்டுனு வேகம் குறையும். அந்த உதறல் 5 ஜி-ன்னு வச்சுக்குங்க. 150 கிராம் கேமரா முக்கால் கிலோவா அழுத்தும். பெரிய ஸ்டில் கேமராவும் வீடியோவும் சேர்ந்து 2 கிலோ இருந்தா, கழுத்துல 10 கிலோ. அதனாலதான் கேமராக்காரங்க மெதுவா விரியுற பாராசூட்டைத் தேடுவாங்க. விரியும்போது கழுத்தை நேரா வச்சுக்குவாங்க, நல்ல ஷாட்டுக்காகத் தலையைத் திருப்ப மாட்டாங்க.

இதை விடப் பெரிய ஆபத்து

அது கவனம். 1988 ஏப்ரல்ல, அமெரிக்காவோட வட கரோலினாவில் லூயிஸ்பர்க்ல, ஐவன் மெக்வைர்னு ஒரு ஸ்கைடைவர், 800 தடவைக்கு மேல குதிச்சவர், மத்தவங்களைப் படம் பிடிக்கக் குதிச்சார். அவர் முதுகுல பாராசூட் இல்லை. மாட்ட மறந்துட்டார். அவர் உயிர் பிழைக்கலை.

அனுபவசாலிக்கே அப்படின்னா புதுசா வர்றவங்களுக்கு? மணிக்கு 200 கிலோமீட்டர்னா ஒரு நொடிக்கு 55 மீட்டர். சிவப்பு விளக்கு எரியுதான்னு 5 நொடி யோசிச்சா 275 மீட்டர் போயிடும். அமெரிக்க பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ., கேமராவோட குதிக்கிறதுக்கு முன்னாடி குறைஞ்சது 200 ஜம்ப் முடிச்சிருக்கணும்னு பரிந்துரைக்குது. உயரம் பார்க்கிறது, கைப்பிடியைத் தொடுறது எல்லாம் யோசிக்காமலே வர்ற பழக்கமாகணும். அப்புறம்தான் கேமரா.

முதல் தடவை டாண்டம் போறவங்களுக்குக் கேமரா இல்லையேன்னு கவலை வேண்டாம். இன்ஸ்ட்ரக்டர் கையிலயோ, கூடவே குதிக்கிற வீடியோகிராபர் ஹெல்மெட்லயோ கேமரா இருக்கும். நீங்க நிலத்தைப் பாருங்க.

உங்க நண்பர்ல யாராவது ஹெல்மெட்ல கேமரா மாட்டப் போறாங்கன்னா, அந்தக் கயிறு சோதனையை மட்டுமாவது சொல்லிடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!